ஆனோடைஸ் செய்த அலுமினிய உறுப்புகளில் உராய்வு வேறுபடுவது ஏன்?

களத்தில் அளவைக் கருவிகளைத் தாங்குவதற்கு அலுமினியக் குழாய்களாலான முக்காலிகள் பயன்படுகின்றன. அவற்றின் ஒவ்வொரு காலும் ஒன்றனுள் ஒன்று செருகிச் சறுக்கும் குழாய்களால் ஆனது. வேண்டிய உயரத்திற்குக் காலை நீட்டியபின், இறுக்கியைத் திருகி அதனை நிலைநிறுத்துவர். எளிய இவ்வமைப்பில் உராய்வு இரண்டு கடமைகளைச் செய்ய வேண்டியுள்ளது. இறுக்கி தளர்ந்திருக்கையில் குழாய் தடையின்றி நகர வேண்டும். இறுக்கியை முறுக்கியபின் அதே குழாய் சிறிதும் நழுவாதிருக்க வேண்டும்.

ஒரே தொகுதியில் வந்த மூன்று கால்களுள் ஒன்று எளிதில் சறுக்குவதும், மற்றொன்று தயங்கித் தயங்கி உதறலோடு நகர்வதும், மூன்றாவது இறுக்கியபின்னும் பாரத்தால் மெல்ல இறங்குவதும் உண்டு. கால் இறங்கினால் கருவியின் மட்டம் குலையும். மட்டம் குலைந்ததை அறியாமல் எடுத்த அளவுகள் பயனற்றுப் போகும். மூன்று கால்களும் ஒரே வரைபடத்தின்படி செய்யப்பட்டவை. நிறத்திலும் பளபளப்பிலும் ஒன்றுபோலவே தோன்றுபவை. ஆதலின் பழி கடைசல் வேலை செய்தவர் மீதோ, கருவியைக் கையாண்டவர் மீதோ எளிதில் விழுந்துவிடுகிறது. உண்மைக் காரணமோ, பல சமயங்களில், உலோகத்தின் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தில் மறைந்திருக்கிறது. அப்படலம் உருவாகும் விதத்தையும், அதில் வேறுபாடுகள் புகும் இடங்களையும், அவற்றைக் கண்டறியும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உராய்வு எதனுடைய பண்பு?

“அலுமினியத்தின் உராய்வுக் குணகம் எவ்வளவு?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. இக்கேள்வியே முழுமையற்றது. உராய்வு ஒரு பொருளின் தனிப் பண்பு அன்று; ஒன்றையொன்று தொடும் இரு பரப்புகளுக்கும், அவற்றிற்கு இடையே உள்ள எண்ணெய், ஈரம், தூசு ஆகியவற்றிற்கும் உரிய கூட்டுப் பண்பாகும்.

உராய்வு விசை பாரத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கும், தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று என்னும் விதிகளைப் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் 1699ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவ்விதிகளுக்கான பௌதிக விளக்கத்தை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பௌடன், டேபர் ஆகிய இருவரும் தெளிவாக்கினர். எவ்வளவு வழவழப்பான பரப்பாயினும் அதில் நுண்ணிய மேடுகள் இருக்கும். இரு பரப்புகள் பொருந்தும்போது அம்மேடுகளின் முனைகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. உண்மையில் தொடும் பரப்பு, கண்ணால் காணும் பரப்பில் மிகச் சிறு பங்கேயாகும். அம்முனைகளில் ஏற்படும் ஒட்டுதலை அறுக்கவும், மென்மையான பரப்பைக் கடினமான முனைகள் உழுது செல்லவும் வேண்டிய விசையே உராய்வாக வெளிப்படுகிறது.

இதிலிருந்து பெறப்படும் முடிவு யாதெனில், உறுப்பின் உட்பகுதி எந்த உலோகமாயினும், உராய்வைத் தீர்மானிப்பதில் மேற்பரப்பின் சில மைக்ரான் அளவுள்ள அடுக்கே பெரும் பங்கு கொள்கிறது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

படலம் உருவாகும் விதம்

அலுமினியம் காற்றில் பட்டவுடனேயே அதன்மீது சில நானோமீட்டர் தடிப்புள்ள ஆக்சைடு படலம் தானாகவே உண்டாகிறது. ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்படலம் உலோகத்தை அரிப்பினின்று ஓரளவு காப்பினும், தேய்மானத்தைத் தாங்கும் வலிமை அதற்கு இல்லை. சறுக்கும்போது அது உடைந்து, வெறும் அலுமினியம் எதிர்ப்பரப்பில் ஒட்டிப் பிய்ந்து வருகிறது.

இப்படலத்தை மின்சாரத்தின் துணையால் தடிப்பாக வளர்ப்பதே ஆனோடைஸிங் முறை. அலுமினிய உறுப்பை மின்கலத்தின் நேர்மின்வாயாக அமைத்து, அமிலக் கரைசலில் அமிழ்த்தி நேர்மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. கடல் விமானங்களின் உறுப்புகளை உப்புநீர் அரிப்பினின்று காக்கும்பொருட்டு, குரோமிக் அமிலத்தைக் கொண்டு இதனைச் செய்யும் முறைக்கு இங்கிலாந்தில் பெங்கோ, ஸ்டூவர்ட் ஆகியோர் 1923இல் காப்புரிமை பெற்றனர். கந்தக அமிலத்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1927இல் கோவர், ஓப்ரையன் ஆகியோர் உரிமை பெற்றனர். இன்று பெருவழக்காக உள்ளது கந்தக அமில முறையே.

இப்படலம் வண்ணப்பூச்சைப் போல வெளியிலிருந்து பூசப்படுவதன்று. உலோகமே ஆக்சைடாக மாறுகிறது. சாதாரண முறையில் படலத்தின் தடிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு பழைய பரப்பிற்கு உள்ளாகவும், ஒரு பங்கு வெளியாகவும் அமைகிறது. அதன் அமைப்பைக் கெல்லர், ஹண்டர், ராபின்சன் ஆகியோர் 1953இல் மின்னணு நுண்ணோக்கியின் உதவியால் ஆராய்ந்து வெளியிட்டனர். படலம் தேனடையைப் போன்று அறுகோண அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறையின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு நுண்துளை செல்கிறது. துளையின் அடியில் துளையற்ற மெல்லிய தடுப்பு அடுக்கு உள்ளது. கந்தக அமிலப் படலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் இத்தகைய துளைகள் பல ஆயிரம் கோடி இருக்கும்.

தொட்டியில் இரு செயல்கள் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன என்பது நினைவில் கொள்ளத்தக்கது. மின்சாரம் படலத்தை அடியிலிருந்து வளர்க்கிறது; அமிலம் அதனை மேலிருந்து கரைக்கிறது. படலத்தின் தடிப்பு, கடினம், துளையின் அகலம் ஆகியவை யாவும் இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள போட்டியின் விளைவுகளே. உராய்வில் காணும் வேறுபாட்டின் வேர் பெரும்பாலும் இங்கேயே உள்ளது.

வேறுபாடு புகும் வழிகள்

முதலாவது, தொட்டியின் உஷ்ணநிலை. சாதாரணப் படலத்திற்குக் கரைசல் 18 முதல் 22 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், மின்னோட்டம் சதுர டெசிமீட்டருக்கு 1 முதல் 2 ஆம்பியர் வரையிலும் வைக்கப்படுகின்றன. கரைசல் சூடேறினால் அமிலத்தின் கரைக்கும் வேகம் மிகுந்து, துளைகளின் வாய் அகன்று, அறைச் சுவர்கள் மெலிந்து, மேற்புறம் சுண்ணாம்பு பூசியதுபோல் பொடியும் தன்மையடைகிறது. அப்பொடி சறுக்கு பரப்புகளுக்கிடையே சிக்கும்போது உராய்வு நிலையற்றதாகிறது. மின்னோட்டம் செல்லும்போது உறுப்பின் அருகிலேயே வெப்பம் பிறப்பதால், கரைசலை நன்கு கலக்காவிடின், உஷ்ணமானி 20 டிகிரி காட்டும்போதும் உறுப்பின் பரப்பு அதனினும் சூடாக இருக்கக்கூடும். ஒரே தொட்டியின் மூலையிலும் நடுவிலும் வெவ்வேறு படலங்கள் விளைவது இதனால்தான்.

இரண்டாவது, மின்தொடர்பு. உறுப்புகள் தொங்கு சட்டத்தில் மாட்டப்பட்டே தொட்டியில் இறங்குகின்றன. ஒரு கொக்கி தளர்ந்திருந்தால் அந்த உறுப்பிற்கு மின்னோட்டம் குறைந்து, அதன் பங்கு அண்டை உறுப்புகளுக்குச் செல்கிறது. சதுர டெசிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் வீதம் ஒரு நிமிடம் செலுத்தினால் ஏறக்குறைய 0.3 மைக்ரான் படலம் வளரும் என்பது பட்டறைக் கணக்கு. 1.5 ஆம்பியர் வீதம் 30 நிமிடத்தில் 13.5 மைக்ரான் கிடைக்கும். அதே நேரத்தில் 0.8 ஆம்பியர் மட்டுமே பெற்ற உறுப்பில் 7 மைக்ரான் அளவே கிடைக்கும். இரண்டும் வெளியே வரும்போது தோற்றத்தில் வேறுபாடு தெரியாது.

மூன்றாவது, கலப்புலோகம். செம்பு மிகுந்த கலப்புலோகங்களில், செம்பு சேர்ந்த நுண்மணிகள் அமிலத்தில் கரைந்து படலத்தில் வெற்றிடங்களை உண்டாக்குகின்றன, படலம் மென்மையாகிறது. வார்ப்பு உலோகங்களில் மிகுதியாக உள்ள சிலிக்கான் மணிகள் கரையாமல் படலத்திலேயே பதிந்து நின்று அதனைச் சீரற்றதாக்குகின்றன. இருப்பிலிருந்த வேறொரு குழாயை மாற்றிப் பயன்படுத்தினால், வரைபடம் மாறாவிடினும் பரப்பு மாறிவிடும்.

நான்காவது, முன்வேலை. படலம் கீழேயுள்ள பரப்பின் மேடுபள்ளங்களை மறைப்பதில்லை. கடைசல் உளியின் தடங்களும், காஸ்டிக் சோடாவில் அதிக நேரம் ஊறியதால் ஏற்பட்ட சொரசொரப்பும் அப்படியே மேலே தோன்றும். வேறுபாடு யாதெனில், முன்பு மென்மையான உலோக மேடுகளாக இருந்தவை இப்போது கடினமான ஆக்சைடு மேடுகளாகி, எதிர்ப்பரப்பை அரம்போல் அராவத் தொடங்குகின்றன.

ஐந்தாவது, துளையடைப்பு. ஆனோடைஸ் செய்தபின் உறுப்பைக் கொதிநிலையை ஒட்டிய தூய நீரில், மைக்ரானுக்கு ஏறக்குறைய 3 நிமிட வீதம் வைத்திருப்பர். ஆக்சைடு நீருடன் சேர்ந்து பருத்துத் துளைகளை அடைக்கிறது. அரிப்பைத் தடுக்க இது மிகவும் வேண்டியதே. எனினும் இரண்டு விளைவுகள் உண்டு. படலத்தின் கடினம் சற்றுக் குறைகிறது. நீரின் தன்மையும் நேரமும் சீராக இல்லாவிடின் பரப்பின்மீது மெல்லிய தூள் படிகிறது. சாதாரணக் குழாய்நீரில் உள்ள சிலிகேட்டு, பாஸ்பேட்டு போன்றவை துளையடைப்பைத் தடுக்கும் இயல்புடையவை. ஆகவே ஒரு நாள் வடிநீரும் மறுநாள் குழாய்நீரும் பயன்படுத்தும் பட்டறையில் இரு நாட்களின் உறுப்புகளும் ஒன்றுபோல் சறுக்கும் என எதிர்பார்க்க இயலாது.

ஆறாவது, பின்னர் வந்து சேர்வன. துளை அடைபடாத படலம் மையொற்றும் தாளைப்போன்று எண்ணெயையும் ஈரத்தையும் உறிஞ்சும். விரல் பட்ட இடத்தில் எண்ணெய்ப் பசை தங்குகிறது. ஒரு குழாய் பட்டறையில் எண்ணெய்க் கையால் எடுக்கப்பட்டது, மற்றொன்று தாளில் சுற்றி வைக்கப்பட்டது என்னும் வேறுபாடே உராய்வை மாற்றப் போதுமானது. மேலும், படலம் உதிர்ந்தால் அதன் துகள்கள் சாணைத்தூளைப் போன்று கடினமானவை. அவை சிக்கிய இடத்தில் தேய்மானம் மேலும் மேலும் வளரும்.

உராய்வா, இறுக்கமா?

நகர மறுக்கும் உறுப்பில் எப்போதும் உராய்வுக் குணகமே மிகுந்துள்ளது எனக் கருதுதல் தவறு. இடைவெளி குறைந்ததாலும் குழாய் சிக்கும்.

தேய்மானத்தைத் தாங்க வேண்டிய உறுப்புகளுக்கு, கரைசலைப் பூஜ்ய டிகிரிக்கு அருகில் குளிர்வித்து, மிகுந்த மின்னோட்டத்தைச் செலுத்தித் தடித்த கடினப் படலம் வளர்க்கப்படுகிறது. இதில் தடிப்பின் ஏறக்குறைய பாதி வெளிப்புறமாக வளர்கிறது. 50 மைக்ரான் கடினப் படலத்தை எடுத்துக்கொண்டால், உட்குழாயின் ஒவ்வொரு பக்கமும் 25 மைக்ரான் வளர, அதன் வெளிவிட்டம் 50 மைக்ரான் கூடுகிறது. வெளிக்குழாயின் உள்விட்டமும் 50 மைக்ரான் குறைகிறது. ஆக இரண்டிற்கும் இடையிலிருந்த இடைவெளியில் 100 மைக்ரான், அதாவது 0.1 மில்லிமீட்டர், மறைந்துவிடுகிறது. கடைசல் வேலைக்கு முன்பே இக்கணக்கைப் போடாதவர், படலம் வந்தபின் குழாய் சிக்குவதைக் கண்டு உராய்வைக் குறை கூறுவர். மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்தால் ஐயம் நீங்கிவிடும்.

அளந்தறியும் எளிய முறை

விரலால் தடவிப் பார்த்து “இது வழுக்குகிறது, அது வழுக்கவில்லை” என்று கூறுவது போதாது. சாய்தளச் சோதனையைப் பள்ளியிலும் களத்திலும் எளிதில் செய்யலாம்.

ஆராய வேண்டிய தட்டையான உறுப்பை ஒரு பலகைமீது நிலையாகப் பொருத்தி, அதன்மேல் எதிர்ப்பரப்பாக அமையும் சிறு துண்டை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்த வேண்டும். துண்டு நகரத் தொடங்கும் கணத்தில் பலகை கிடைமட்டத்தோடு அமைக்கும் கோணத்தின் டேஞ்சென்ட் மதிப்பே நிலை உராய்வுக் குணகமாகும். கோணமானி இல்லாதவர், உயர்த்திய முனையின் உயரத்தை அடித்தளத்தின் நீளத்தால் வகுத்தால் அதே எண் கிடைக்கும். கோணம் 17 டிகிரியாயின் குணகம் 0.31, 27 டிகிரியாயின் 0.51. இருபது டிகிரியை அடுத்த அளவுகளில் ஒரு டிகிரிப் பிழை, குணகத்தில் 0.02 அளவு பிழையை உண்டாக்கும்.

குழாய்களாயின், சிறு பாரத்தோடு கூடிய வி வடிவப் பள்ளமுள்ள கட்டையைக் குழாயின்மீது வைத்து, சுருள்வில் தராசால் இழுத்துப் பார்க்கலாம். பள்ளத்தின் சாய்வு விசையை மிகுதிப்படுத்துவதால், இதில் கிடைக்கும் எண் குழாய்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கே உதவும். எனினும் இம்முறையில் வேறொரு பயன் உண்டு. நகரத் தொடங்க வேண்டிய விசையையும், நகரும்போது வேண்டிய விசையையும் தனித்தனியே காணலாம். முன்னது பின்னதைவிட மிகுந்திருப்பின், இழுப்பில் சிறிது நெகிழ்வு இருந்தால், உறுப்பு நின்று நின்று பாயும். முக்காலியின் காலில் காணும் உதறல் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஒவ்வோர் உறுப்பையும் குறைந்தது ஐந்து முறை சோதித்து, சராசரியோடு மிகச் சிறிய அளவையும் மிகப் பெரிய அளவையும் குறித்தல் இன்றியமையாதது. ஓர் உறுப்பின் ஐந்து அளவுகள் 16 முதல் 18 டிகிரிக்குள்ளும், மற்றதன் அளவுகள் 25 முதல் 28 டிகிரிக்குள்ளும் அமைந்தால் வேறுபாடு உண்மையானது. இரண்டின் அளவுகளும் 16க்கும் 27க்கும் இடையே கலந்து கிடந்தால், உறுப்புகள் வேறுபடுகின்றன என்று கூறுவதற்கு இடமில்லை. சோதனை முறையையும் பரப்பின் தூய்மையையுமே முதலில் கவனிக்க வேண்டும்.

காரணத்தைத் தேடும் வரிசை

எளிதில் சோதிக்கத்தக்கதை முதலிலும், செலவு மிகுந்ததைக் கடைசியிலும் சோதிப்பது முறை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

1. நன்கு சறுக்கும் உறுப்பையும் சறுக்காததையும் ஒரே வகைச் சாராயத்தால் துடைத்து, உலர்த்தி, மீண்டும் சோதிக்க வேண்டும். வேறுபாடு மறைந்தால் காரணம் மேலே படிந்த பசையே.

2. கறுப்புத் துணியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெண்தூள் ஒட்டினால் படலம் பொடிகிறது, அல்லது துளையடைப்பின் தூள் படிந்துள்ளது.

3. உறுப்புகளின் இணைகளை மாற்றிப் பொருத்த வேண்டும். குறை எந்தக் குழாயோடு செல்கிறதோ அதுவே ஆராயத்தக்கது.

4. விட்டங்களை அளந்து இடைவெளியைக் கணக்கிட வேண்டும்.

5. தூய்மை செய்த பரப்பின் ஒரு மூலையில் சாயத்துளியிட்டு, ஒரு நிமிடம் கழித்துக் கழுவித் துடைக்க வேண்டும். துளை அடைபடாத படலம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். நன்கு அடைபட்டது விட்டுவிடும். இதன் செம்மையான வடிவம் சோதனைச்சாலைகளில் அமிலத்துளியை முன்னதாக இட்டுச் செய்யப்படுகிறது.

6. படலத்தின் தடிப்பைச் சுழல்மின்னோட்ட அளவியால் உறுப்பைச் சிதைக்காமல் பல இடங்களில் அளக்கலாம். அக்கருவி இல்லாதவிடத்து, மின்கலமும் சிறு விளக்கும் கொண்ட சுற்றால் படலம் உள்ளதா இல்லையா என்பதை மட்டும் அறியலாம்; ஆக்சைடு மின்கடத்தாப் பொருளாதலின், அது உள்ள இடத்தில் விளக்கு எரியாது.

7. இறுதியாகத் தொட்டியின் நாட்குறிப்பைக் கேட்டுப் பெற வேண்டும். உஷ்ணநிலை, மின்னோட்டம், நேரம், உறுப்பு தொங்கிய இடம், துளையடைப்பு நீர் ஆகியவை குறிக்கப்பட்டிருந்தால் காரணம் விரைவில் புலப்படும்.

தவிர்க்கும் வழிகள்

“ஆனோடைஸ் செய்க” என்னும் ஒரு சொல்லோடு வேலையை ஒப்படைப்பதே பல தொல்லைகளுக்கு மூலம். கலப்புலோகத்தின் வகை, படலத்தின் தடிப்பும் அதற்குரிய ஏற்றத்தாழ்வும், துளையடைப்பு வேண்டுமா வேண்டாவா என்பது, முன்வேலையின் வழவழப்பு ஆகிய நான்கையும் எழுத்தில் குறிக்க வேண்டும். ஆனோடைஸ் படலங்களுக்கென இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 1868 வெளியிடப்பட்டுள்ளது.

சறுக்கும் உறுப்புகளுக்குரிய கடினப் படலங்களை வழக்கமாக வெந்நீரில் அடைப்பதில்லை. அத்துளைகளில் உயவுப்பொருளை ஏற்றுவதும், பரப்பின்மீது டெஃப்லான் போன்ற பொருளைப் படியவைப்பதும் உண்டு. இரு பக்கமும் கடின ஆக்சைடாக இருக்கும் இணையை உயவின்றிச் சறுக்கவிடாமல், ஒரு பக்கம் நைலான் வளையத்தை அமைப்பது நலம். கூரிய விளிம்புகளில் தடித்த படலம் வெடிப்பதால், விளிம்புகளை முன்னதாகவே வளைத்து மழுக்க வேண்டும்.

முக்காலியின் எடுத்துக்காட்டில் எண்ணெய் எளிய தீர்வாகத் தோன்றலாம். ஆனால் சறுக்குவதற்காக இட்ட எண்ணெய் இறுக்கியின் பிடிக்குள் சென்றால், கால் மீண்டும் இறங்கும். சறுக்கும் இடத்திற்கு நைலான் வளையமும், பிடிக்கும் இடத்திற்கு உலர்ந்த தூய பரப்பும் என இரு கடமைகளையும் இரு இடங்களுக்குப் பிரித்தளிப்பதே சரியான வழி.

ஆனோடைஸ் செய்த பரப்பு என்பது ஒரே பொருள் அன்று. தொட்டியின் சூடு, கொக்கியின் பிடிப்பு, நீரின் தூய்மை, கையாண்ட விரல் ஆகிய அனைத்தும் அதன் உராய்வில் பதிந்துள்ளன. ஆகவே ஓர் உறுப்பைக் கழித்துவிடுவதற்கு முன்பும், ஒரு தொழிலாளியைக் குறை கூறுவதற்கு முன்பும், அளந்து பார்த்தலும் அவ்வுறுப்பு கடந்துவந்த படிகளை விசாரித்தலும் கடமையாகும்.

வகுப்பிற்குரிய வினாக்கள்

1. ஒரு துண்டு 20 டிகிரிச் சாய்வில் நகரத் தொடங்கியது. நிலை உராய்வுக் குணகம் யாது? துண்டின் எடையை இருமடங்காக்கினால் கோணம் மாறுமா?

2. 30 மைக்ரான் கடினப் படலம் உட்குழாயில் மட்டும் வளர்க்கப்பட்டது. இடைவெளி விட்டத்தில் எவ்வளவு குறையும்?

3. தொட்டியின் உஷ்ணநிலை மிகுந்தால் படலம் பொடிவது ஏன்?

4. சாராயத்தால் துடைத்தபின் இரு உறுப்புகளும் ஒரே கோணத்தில் சறுக்கின. இதிலிருந்து எதனை முடிவு செய்யலாம்? எதனை முடிவு செய்ய இயலாது?